பஜனை மடம் மறுபடி திறந்தாச்சு, அண்ணி

என் பிரியமுள்ள சகுந்தலா அண்ணிக்கு,

நேற்று புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. இன்று காலை கண் விழித்ததும், நேற்று நடந்ததை உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்ற யோசனைதான் முதலில் வந்தது. அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் படத்துக்கு முன்னால் நின்றால் அவருக்குப் பேச்சு வராது. மாலையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் புக்கிட் ரம்பாயில் பாதித் தொழிற்சாலைகள் தூங்கும், உங்களுக்குத் தெரியாததா? லாரிச் சத்தம் இல்லை. எதிர் வரிசை வீடுகளும், அவற்றுக்குப் பின்னால் நிற்கும் புகைக் குழாய்களும் மழைக்குள் கரைந்து, விடிகாலைப் பால்மரக் காடு மாதிரித் தெரிகின்றன. இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் ஒரு குவளைக் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "கலா, மடத்துக் கதைய சொல்லேன்" என்பீர்கள். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். மலாக்கா டவுனில் வளையல் கடைக்காரர் மகளாகப் பிறந்த உங்களுக்கு, எங்கள் தோட்டத்துக் கதை மட்டும் ஏனோ சலிக்கவே இல்லை. இன்றும் சொல்கிறேன். கேட்டுக்கொண்டே இருங்கள்.

மஸ்ஜித் தானா பக்கம், பெரிய ரோட்டை விட்டு விலகிச் செம்மண் பாதையில் போனால் எங்கள் தோட்டம். அங்கே ரப்பர் மரம் சீவ வந்தவர்களில் பெருமாளைக் கும்பிடும் சில குடும்பங்கள் சேர்ந்து, லயம் என்னும் வரிசை வீடுகளின் கடைசியில் ஒரு கொட்டகை போட்டார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. கோயில் என்று சொல்ல அதில் சிலை கிடையாது, கோபுரம் கிடையாது, ஐயர் கிடையாது. சுவரில் ராமர் பட்டாபிஷேகப் படம் ஒன்று. கீழே ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், கொஞ்சம் ஜால்ரா. அவ்வளவுதான் எங்கள் பஜனை மடம்.

படம் கப்பலில் வந்ததாம். யாரோ ஒரு பாட்டன் தன் வேட்டிகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தாராம். யாருடைய பாட்டன் என்பதில்தான் ஊருக்குள் ஒற்றுமை இல்லை. எங்கள் பாட்டன் என்பார் அப்பா. இல்லை, எங்கள் பாட்டன் என்பார்கள் அடுத்த லயத்து வள்ளியம்மை அக்கா வீட்டில். நீங்கள் இரண்டு பக்கமும் சேராமல், "ராமரே நடந்து வந்துருப்பாரு, விடுங்க" என்று சிரிப்பீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலமானால் ஆண்கள் உள்ளே உட்கார்ந்து பாடுவார்கள். பெண்கள் வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரித்துக்கொண்டு கேட்பார்கள். இதற்கென்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே பழகிவிட்டது.

நீங்கள் கல்யாணமாகி வந்த முதல் புரட்டாசி எனக்கு இன்னும் கனவு மாதிரி நினைவிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். உங்களை ஒட்டி உட்கார்ந்து, உங்கள் புதுப் புடவையின் சரசரப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா ஒரு வரியை மேலே இழுத்துப் பாடும்போது இருமல் வந்து நின்றுவிட்டார். மற்றவர்களுக்கு அந்த உயரம் எட்டவில்லை. மிருதங்கம் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது. அப்போது என் பக்கத்திலிருந்து அந்த வரி எழுந்தது. நீங்கள் பாடுகிறீர்கள் என்றுகூட எனக்கு உடனே புரியவில்லை. உங்கள் முகம் அசையாமல், கண் மூடி இருந்தது.

பாட்டு முடிந்ததும் அப்பா உள்ளேயிருந்து கேட்டார். "யாரு பாடுனது?"

"நம்ம நாராயணன் பொண்டாட்டிதான்" என்றார் ஒருவர்.

அம்மாவின் கை உங்கள் தோளில் இருந்தது. திட்டுத்தான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பாடுனா பெருமாளுக்கு எப்படி மொகம் தெரியும்? உள்ள வரச் சொல்லு" என்றார் அப்பா.

நீங்கள் எழுந்தீர்கள். தனியாகப் போக உங்களுக்குக் கூச்சம்; என் கையையும் பிடித்துக்கொண்டீர்கள். நமக்குப் பின்னால் அம்மா வந்தார். அம்மாவுக்குப் பின்னால் மற்றவர்கள் தங்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை பாய்கள் உள்ளேயே விரித்திருந்தன.

பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். அதற்கும் ஆள் அவ்வளவு தேவைப்படவில்லை. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஒருநாள் மடத்தையும் இடிக்கப்போவதாகத் தகவல் வந்தது. அண்ணன் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், முதலாளியிடம் கேட்டு லாரியைக் கொண்டுவந்தார். பெருமாளைத் துணி சுற்றி ஏற்றினோம். அப்பா பின்னால் ஏறி, படத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். நாம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம்.

மஸ்ஜித் தானா கடைத்தெருவில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. மளிகைக் கடை மலாய்க்காரப் பெரியவர், நம்ம பாக்சிக், வெளியே வந்து பார்த்தார். அப்பா அவரிடம் காலமெல்லாம் அரிசி வாங்கியவர். "டேவா பூன் பிண்டாகா?" என்று கேட்டார். சாமியும் வீடு மாறுகிறாரா என்று. கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். அப்பா தலையாட்டினார். பாக்சிக் உள்ளே போய்த் தன் கடைக்கு மறைப்பாகக் கட்டும் கித்தானை அவிழ்த்துக்கொண்டுவந்து, அண்ணனோடு சேர்ந்து நம் தலைக்கு மேல் இழுத்துக் கட்டினார். அந்த நீலக் கித்தானுக்கு அடியில், நீல வெளிச்சத்தில், எல்லோர் முகமும் தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. நீங்கள் மெல்லப் பாட ஆரம்பித்தீர்கள். புக்கிட் ரம்பாய் வந்து சேரும்வரை நிறுத்தவில்லை. அந்தப் பயணம் முடிந்துவிட்டதா அண்ணி? சில நாள் தூக்கத்தில் நான் இன்னும் அந்த லாரியில்தான் இருக்கிறேன்.

அப்புறம் கொஞ்ச காலம் பெருமாள் உங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்தார். கூட்டம் சேர்ந்தது. டவுனிலிருந்தும் கடை வைத்திருப்பவர்கள், ஆபீஸ் வேலைக்காரர்கள் என்று வர ஆரம்பித்தார்கள். இடம் போதாமல் டயர்க் கடை மாடியை வாடகைக்குப் பிடித்தோம். கீழே காற்றடிக்கும் இயந்திரம் போடும் சத்தத்தில் மிருதங்கமே கேட்காது. நீங்கள் இறங்கிப்போய், கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. அதிலிருந்து மேலே மணி அடித்தால் கீழே இயந்திரம் நின்றுவிடும். வண்டிக்காரர்கள் முணுமுணுத்தால், "மேலே சாமி, கொஞ்சம் பொறு" என்பார் தவுக்கே.

அந்த வருஷங்களில் புரட்டாசி சனிக்கிழமை மாடிப்படி முழுக்கச் செருப்பு கிடக்கும். எப்போது குறைய ஆரம்பித்தது? யாரும் சண்டை போட்டுப் போகவில்லை. பிள்ளைகள் ஜொகூருக்குப் போனார்கள், சிங்கப்பூருக்குப் போனார்கள். பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்பா, அம்மா உட்படச் சிலர் இறந்துபோனார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு மாடிப்படி மலையாகிவிட்டது. கடைசியில் அண்ணன் ஆர்மோனியமும், நீங்கள் பாட்டும், நானும் வள்ளியம்மை அக்காவும் ஜால்ராவுமாக நின்றோம். உங்கள் சிறுநீரகம் பழுதான பிறகும் நீங்கள் வந்தீர்கள். பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "என்னமோ திருப்பதி ஏறுற மாதிரி இருக்குலா" என்று சிரித்துவிட்டு ஏறுவீர்கள்.

நீங்கள் போன பிறகு அண்ணன் மடத்தைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாட்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் ரேடியோகூட வைப்பதில்லை. வள்ளியம்மை அக்கா கேட்டால், "பாக்கலாம்" என்பார். நான் கேட்டால் அதுவும் இல்லை.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாத கதை.

பத்து பெரண்டாமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள். நம்மவர்கள் அவர்களோடு அதிகம் ஒட்டுவதில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். சில மாதங்களுக்கு முன் ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பேக்கிங் பிரிவில் வேலை, நாற்பது வயசிருக்கும், பெயர் செல்வராசு. கூரைக்கு மேலே விமானம் ஒன்று தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடலியா தம்பி?" என்றேன்.

"எங்கம்மா எறந்துட்டாங்கக்கா."

லீவு கொடுத்தார்களாம். ஆனால் டிக்கெட் கிடைத்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்து போகவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தானாம். இவர் போனில் பார்த்தாராம். ஹாஸ்டலில் ஒரே அறையில் நிறைய பேர். இரவு வேலை முடிந்தவர்கள் பகலில் தூங்குவார்கள்.

"பக்கத்துல கோயில் மாதிரி எதுனா இருக்காக்கா? சாமி கும்பிடணும்னு இல்ல. கொஞ்ச நேரம் ஒக்காந்து அழறதுக்கு ஒரு எடம் வேணும்."

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, அண்ணி. டயர்க் கடை மாடிதான் தோன்றியது. பூட்டிக் கிடக்கும் அறையும், இருட்டில் தனியாக இருக்கும் ராமரும்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மடத்து சாவிய குடுங்க."

"எதுக்கு?"

சொன்னேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் வேணாம்" என்றார். "அடுத்த வாரம் டவுன்ல பெரிய கோயில்லேருந்து வந்து படத்த எடுத்துக்கப் போறாங்க. பேசி முடிச்சாச்சு."

எனக்கு அப்போதுதான் தெரியும். "எங்க வைப்பாங்களாம்?"

"இப்போதைக்கு ஸ்டோர்ல வைக்கிறாங்களாம். அப்புறம் பாப்பாங்க."

"ராமர ஸ்டோர்லயா?"

"ஆளில்லாத மடத்த வச்சிக்கிட்டு நான் என்னா செய்யட்டும் கலா?"

"ஆளு இருக்குன்னுதானே சொல்றேன்."

"அவங்க யாரு, நம்ம யாரு? ரெண்டு வருசத்துல பர்மிட் முடிஞ்சி போறவங்க. அவங்கள நம்பி…" என்று குரலை உயர்த்தியவர் பாதியில் நிறுத்திவிட்டார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மேல ஏறுனா அவ கொரல் கேக்குது. பாதிப் படியிலேயே கேக்குது. என்னால முடியல."

அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. உங்கள் காரியத்தின்போதுகூட வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கேக்கட்டும்ணே" என்றேன். "அண்ணிக்கும் பாடறதுக்கு வேற எடம் ஏது?"

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் அவர் கார் என் வீட்டு முன்னால் வந்து நின்றது. "கூட்டுற தொடப்பத்த எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான்.

படியில் அவர் முன்னால் ஏறினார். பாதியில் நின்றார். நானும் கீழே நின்றேன். அவருக்கு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவும் இல்லை. கொஞ்சம் கழித்து மீதிப் படிகளையும் ஏறிப் பூட்டைத் திறந்தார். சன்னல் கதவை விரித்ததும் வெயில் ஒரே பட்டையாகத் தூசியில் விழுந்தது. ராமர் சிரித்த முகமாகவே இருந்தார்.

செல்வராசு இன்னும் சில பேரோடு பஸ்ஸில் வந்தார். எல்லோரும் டயர்க் கடை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த தரையில் வெறுங்காலோடு நின்றார்கள். "செருப்பை மேலே கொண்டு போங்க, இங்கே காணாமப் போகும்" என்று தவுக்கே சத்தம் போட்டார். அவர்கள் மேலே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. செல்வராசு படத்தைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார்.

அண்ணன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"அம்மா பேரு என்னா?"

"ராக்கம்மாங்கய்யா."

அண்ணன் திரி போட்டு விளக்கேற்றினார். "ராக்கம்மாவுக்கு" என்று சொன்னார். இன்னொரு திரியைக் கிள்ளிப் போட்டார். உங்கள் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆர்மோனியத்தின் மேல் கிடந்த துணியை எடுத்தார்.

பாடினார், அண்ணி. இத்தனை நாள் பூட்டிக் கிடந்த குரல் துருப்பிடித்துத்தான் வந்தது. நீங்கள் எடுக்கும் அந்த மேல் வரி வந்ததும் வழக்கம்போல விட்டுக்கொடுத்து நிறுத்தினார். யாரும் எடுக்கவில்லை. எடுக்க யார் இருக்கிறார்கள்? ஆர்மோனியத்தின் காற்று மட்டும் அறையில் நின்றுகொண்டிருந்தது.

அந்த இடைவெளியில் செல்வராசு "கோவிந்தா" என்றார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. மலையேறும்போது கத்துவதுபோல ஒரு கத்தல். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பலகைத் தரை அதிர்ந்தது. அண்ணன் அவர்களை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வரியை எடுத்தார். திரும்பவும் அந்த இடம் வந்தபோது தானாகவே நிறுத்தினார், அவர்களுக்காக.

பெரிய கோயில்காரர்களுக்கு அவரே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். வள்ளியம்மை அக்கா கேள்விப்பட்டதும், "முன்ன பின்ன தெரியாதவங்கள உள்ள விடறியே, நல்லாவா இருக்கு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். சில வாரம் வரவே இல்லை. பிறகு ஒருநாள் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர், அவர்கள் ஜால்ராவைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துப் பொறுக்காமல், "இப்டி இல்லப்பா, கைய தளத்திப் புடி" என்று உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர்தான் அவர்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் கொண்டுவருகிறார். "எல்லாம் எலும்பா இருக்குதுங்க" என்று திட்டிக்கொண்டே கொடுக்கிறார்.

செல்வராசுவின் ஒப்பந்தம் அடுத்த வருஷம் முடிகிறது. போய்விடுவார். அவர் இடத்துக்கு இன்னொருவர் வரலாம், வராமலும் போகலாம். நம் தாத்தாக்கள் வந்தபோதும் இப்படித்தானே இருந்திருக்கும்? கொஞ்ச நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துத்தானே அந்தப் பலகைச் சுவரை எழுப்பியிருப்பார்கள்?

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

சன்னலோரம் தூணில் சாய்ந்து நீங்கள் உட்காரும் இடத்தில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. யாரும் சொல்லவில்லை, தானாக விலகி உட்காருவோம். நேற்று புதிதாக ஒரு பெண் வந்தாள். மரகதம் என்று பெயர். வேலை முடிந்து அதே சீருடையோடு வந்தவள், அறையைப் பார்த்தாள், காற்று வரும் இடமாகப் பார்த்து நேரே போய் உங்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வள்ளியம்மை அக்கா கையை நீட்டி அவளை எழுப்பப் போனார். நானும் பாதி எழுந்துவிட்டேன்.

அண்ணன் தலையை அசைத்தார். "ஒக்காரட்டும்" என்றார்.

இரண்டாவது பாட்டிலேயே அவள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, கை மடியில் கிடக்க, குழந்தை மாதிரித் தூங்கினாள். எப்போதிருந்து தூங்காமல் இருந்தாளோ. அண்ணன் அதைக் கவனித்துவிட்டு ஆர்மோனியத்தை அடக்கினார். நாங்களும் குரலை இறக்கினோம். செல்வராசுகூடக் "கோவிந்தா"வை வாய்க்குள்ளேயே சொன்னார். வெளியே மழை, உள்ளே முணுமுணுப்பாக ஒரு பாட்டு. புரட்டாசி முதல் சனிக்கிழமை பஜனை முழுவதும் ஒரு பெண்ணின் தூக்கம் கலையாதபடி நடந்து முடிந்தது, அண்ணி. இவ்வளவு மெதுவாக நாம் என்றைக்குமே பாடியதில்லை. இவ்வளவு நன்றாகப் பாடியதுமில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் இடத்தை இனிமேல் காலியாக வைக்க மாட்டேன். வேலை முடிந்து களைத்து வருகிற யாரும் அங்கே சாய்ந்துகொள்ளட்டும். அவர்களை எழுப்பாமல் பார்த்துக்கொள்கிறேன். அண்ணனையும் பார்த்துக்கொள்கிறேன்.

என்றைக்கும் உங்கள் நாத்தனார்,
கலாவதி
புக்கிட் ரம்பாய்